அண்மைக்கால அதிரடி அனிமேத் தொடர்களில் அடியின் கனம் குறைந்து வருகிறதா?

தங்கச்சிமடத்தான்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடந்த 61 நாட்களில், பார்க்காமல் சேர்த்து வைத்திருந்த ஜப்பானிய அசைபட (அனிமே) அதிரடித் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடித்தேன். அதே நாட்களில், கம்பிப்பாடு கடற்கரையில் என் மாமாவின் கரைவலைக்கு (கரையில் நின்று கயிறு கட்டி இழுக்கும் வலைக்கு) ஆள் குறைந்தபோதெல்லாம் போய்க் கயிறு பிடித்தேன். பகலில் கயிறும் இரவில் அனிமேயுமாக இருந்ததால்தான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது என்று நினைக்கிறேன்.

கரைவலை இழுப்பவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இழுப்பது கை அன்று. முதலில் குதிகால் மணலைத் தோண்டிக்கொண்டு ஊன்றுகிறது. பிறகு முழங்கால் மடிகிறது. இடுப்பில் மாட்டிய கயிற்றில் உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்து தொங்குகிறது. அதற்கப்புறம்தான் கயிறு ஒரு சாண் நகர்கிறது. வருவது மீனா, வெறும் சொறிமீனும் பாசியுமா என்பதை வலையின் மடி கரையேறுவதற்கு முன்பே, மாமா தம் இடுப்பில் படும் இழுவையை வைத்துச் சொல்லிவிடுவார்.

அனிமேயில் ஒரு சண்டையைப் பார்க்கும்போதும் நான் தேடுவது இதைத்தான். அடிப்பவனின் உடம்பு அந்த அடிக்கு முன் எதைச் செய்கிறது, அடி விழுந்த பின் அவனிடமும் வாங்கியவனிடமும் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறேன். இதை நான் கனம் என்று சொல்கிறேன். கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் ஒளியும் வண்ணமும் வேகமும் வியக்கத்தக்க அளவு கூடியிருக்கின்றன. கனம் அதே அளவுக்குக் கூடவில்லை, சில தொடர்களில் குறைந்தே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சோலோ லெவலிங் தொடரை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் முதல் பருவம் (சீசன்) வந்தபோது என்னைக் கட்டிப்போட்டது அதன் தொடக்கம்தான். அரக்கர்களோடு மோதும் வேட்டைக்காரர்களிலேயே மிகவும் பலவீனமானவன் என்று பெயரெடுத்த சுங் ஜின்வூ இரட்டை நிலவறைக்குள் கால் இழந்து கிடக்கும் காட்சியில் பயம் உண்மையாக இருந்தது. செந்நிறக் கவசம் அணிந்த இக்ரிஸ் என்ற வீரனோடு அவன் வெறுங்கையோடு மல்லுக்கட்டும் இடத்தில், கவசத்தின் மேல் ஒவ்வொரு குத்தும் பட்டுத் திரும்பி அவன் கைக்கே வலி தருவதை என்னால் உணர முடிந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் பருவத்தில் ஜெஜு தீவுப் படையெடுப்பை எட்டும்போது அவன் எதற்கும் அசையாதவனாகிவிட்டான். எறும்பு அரசனோடு நடக்கும் அந்தச் சண்டையின் படவேலை மிக உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவன் வெல்வான் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதுகூடக் குறையன்று. வெல்வதற்கு அவன் உடம்பு எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் குறை.

இதற்கு நேர்மாறாக, 2023இல் வந்த ஜுஜுட்சு கைசென் இரண்டாம் பருவத்தில், ஷிபுயா ரயில் நிலையத்தில் நாயகன் இட்டாடோரி யூஜியும் எதிரி சோசோவும் மோதும் சண்டையைச் சொல்வேன். சண்டை ஒரு கழிப்பறைக்குள் போய் அடைபட்டுவிடுகிறது. ஓடவோ விலகவோ இடமில்லை. குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது, சுவர்கள் பிளக்கின்றன. அந்தப் பத்தடி இடத்துக்குள் இருவரும் கொடுப்பதும் வாங்குவதும் பார்ப்பவனின் விலாவில் விழுகின்றன. அண்மைத் தொடர்களில் நான் கண்ட மிகக் கனமான கைச்சண்டை அதுவே.

பேய்களை வேட்டையாடும் வாள்வீரர்களின் கதையான டீமன் ஸ்லேயர் பற்றியும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதை எடுக்கும் யுஃபோடேபிள் நிறுவனத்தின் ஓவியர்களுக்கு இணை இன்று அரிது. ஆனால் பிந்திய பருவங்களில் வாள் வீச்சைச் சுற்றிலும் நீரும் தீயும் மின்னலும் பொங்கிப் பொங்கி, வாள் பிடித்த மணிக்கட்டு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. 2025இல் வந்த அதன் முடிவிலாக் கோட்டைத் திரைப்படத்திலும் எனக்கு இதே மனக்குறை இருந்தது.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன். கதை முடிவுகள் இந்த இழையில் பேசப்படும் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் கவனமாகப் படிக்கவும்.

கீழக்கரை வாசகன்

தம்பி, நீங்கள் கனம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது தெளிவாகப் புரிகிறது. ஜுஜுட்சு கைசென் பற்றி எழுதியதில் எனக்கு வேறுபாடு இல்லை. முடிவிலாக் கோட்டையைப் பற்றி எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 செப்டம்பர் 12 அன்று அந்தப் படம் இந்தியாவில் வெளியானபோது தமிழ் ஒலிப்பதிவோடும் வந்தது. அதைத் திரையரங்கில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே என் மகனையும் அவன் நண்பர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் போனேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மூவரும் இருக்கையின் நுனியிலேயே இருந்தார்கள். தொலைக்காட்சியில் துண்டு துண்டாக அனிமே பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு, ஒரு ஜப்பானிய அதிரடிப் படத்தைத் தமிழில் பெரிய திரையில் பார்த்தது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இப்போது ஒளியைப் பற்றி. படத்தில் வரும் பேயான அகாசா சண்டைக்கு நிற்கும்போது அவன் காலடியில் விரியும் வடிவத்தைக் கவனித்தீர்களா? அது பனித்துகளின் வடிவம். எதிரியின் போர்வெறியை உணர்ந்து திசை காட்டும் அவனுடைய திசைகாட்டி அது. அவன் மனிதனாக இருந்த காலத்தில் அவனுக்கு மனைவியாக நிச்சயிக்கப்பட்டிருந்த கொயுகியின் கொண்டை ஊசியில் இருந்ததும் இதே வடிவம்தான். அவன் வீச்சுகளின் பெயர்கள் வாணவேடிக்கைகளின் பெயர்கள். கொயுகியோடு அவனுக்கு வாழ்க்கை உறுதியானது வாணவேடிக்கை நடந்த இரவில். நினைவெல்லாம் அழிந்து பேயாகிப் போன பிறகும், தன்னை அறியாமலே அவன் ஒவ்வொரு சண்டையிலும் அவளை ஏந்திக்கொண்டு நிற்கிறான். நீங்கள் கண்ணை மறைக்கிறது என்று சொல்லும் அந்த ஒளிதான் இதையெல்லாம் சுமக்கிறது. இழுவை உடம்பில் மட்டும்தான் இருக்க வேண்டுமா? அது நெஞ்சில் இருந்தால் கனம் ஆகாதா?

படத்தின் பின்பகுதியில், உச்சத்தில் இருக்கும் சண்டையை நிறுத்திவிட்டு அகாசாவின் பழைய வாழ்க்கைக்கு நீண்ட நேரம் போய்விடுகிறார்கள் என்று பலரும் குறைப்பட்டார்கள். கிணற்றில் நஞ்சு கலந்து கொயுகியையும் அவள் தந்தையையும் கொன்றுவிட்டார்கள் என்ற சேதி கேட்டு அவன் நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு, மீண்டும் சண்டைக்குத் திரும்பும்போது என்னால் பழையபடி கதைநாயகன் தாஞ்சிரோவின் பக்கம் மட்டும் நிற்க முடியவில்லை. என் மகனும் திரும்பி வரும் வழியில், பார்த்திபனூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

சாயல்குடிச் சுவடு

இருவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிலம்பம் சுற்றுகிறேன், இப்போது சிறுவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் என் கண் முதலில் போவது காலடிக்குத்தான்.

எங்களிடம் வரும் பிள்ளைகளின் கையில் முதல் நாளே கம்பைக் கொடுப்பதில்லை. சுவடு சரியாக விழும்வரை வெறும் காலடிதான். கம்பு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், பின்காலில் இருக்கும் எடை முன்காலுக்கு மாறாவிட்டால் அந்த வீச்சில் ஒன்றுமில்லை என்று எங்கள் ஆசான் சொல்வார். தங்கச்சிமடத்து அண்ணன் எழுதிய குதிகாலும் இதுவும் ஒன்றுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, கழிப்பறைச் சண்டையில் என்னைக் கவர்ந்தது யூஜியின் நெருக்கம். சோசோ இரத்தத்தைத் தூரத்திலிருந்து எறிந்து தாக்குபவன். அவனை வெல்ல வேண்டுமானால் தூரத்தைத் தின்ன வேண்டும். நீண்ட கம்பு வைத்திருப்பவனை எதிர்க்கும் குறுந்தடிக்காரன் உள்ளே புகுவதைத் தவிர வேறு வழியில்லை, புகுந்துவிட்டால் நீண்ட கம்புக்குச் சுழல இடமிருக்காது. யூஜி அதைத்தான் செய்கிறான். தண்ணீர் பட்டால் அந்த இரத்தம் தன் வலிமையை இழக்கும் என்பதும் சண்டையின் நடுவே ஒரு கருவியாக மாறுகிறது. இடம், ஆயுதம், உடம்பு ஆகிய மூன்றையும் சேர்த்து யோசித்தவர்கள்தான் இப்படி ஒரு சண்டையை அமைக்க முடியும். யூஜியிடம் முதலிலிருந்தே இன்னொரு தன்மை உண்டு. குத்து விழுந்த பிறகு, அவனுடைய சாப ஆற்றல் சற்றுத் தாமதமாக வந்து இரண்டாம் முறை அடிக்கும். அந்தத் தாமதத்தை ஓவியர்கள் காட்டும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே பருவத்தில் சுகுனா, மகோராகா என்ற இரு பெரும் சக்திகள் மோதி நகரத்தையே இடித்துத் தள்ளும் அத்தியாயத்தை உலகமே கொண்டாடியது. எனக்கு அதில் கால்கள் தரையைத் தொடும் இடமே சரியாகக் கிடைக்கவில்லை. பிரம்மாண்டம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சுவடு இல்லை.

சின்னப்பாலத்து மகள்

அண்ணன்மார் மூவரும் எழுதியதைப் படித்தேன். கால், இடுப்பு, நெஞ்சு என்று பேசியிருக்கிறீர்கள். மூச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மா கடற்பாசி எடுப்பவர். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து தீவுப் பக்கம் படகில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்னும் பாசி வகைகளைப் பறிப்பார்கள். பள்ளி விடுமுறைகளில் நான் படகில் உட்கார்ந்து சாக்குப் பிடிப்பேன். மூழ்கியவர் மேலே வந்ததும் முகம் தெரிவதற்கு முன் அவர் மூச்சின் ஒலிதான் கேட்கும். என் அம்மாவின் ஒலியையும் என் பெரியம்மாவின் ஒலியையும் கண்ணை மூடிக்கொண்டே என்னால் பிரித்துச் சொல்ல முடியும். காலையில் அந்த மூச்சு குட்டையாக இருக்கும். பிற்பகலில் நீண்டு, கடைசியில் ஒரு நடுக்கத்தோடு முடியும். நடுக்கம் வந்துவிட்டால் பெரியம்மா படகைத் திருப்பச் சொல்லிவிடுவார்.

டீமன் ஸ்லேயர் முழுவதுமே மூச்சைப் பற்றிய கதை. வாள்வீரர்களின் வலிமை அவர்கள் மூச்சு விடும் முறையில் இருக்கிறது. காயம் ஆறிய பிறகு தாஞ்சிரோ பயிற்சி எடுக்கும்போது, சுரைக்குடுவையை வாயால் ஊதியே உடைக்கச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியை வேடிக்கையாகக் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முழுக்க முழுக்க உண்மையாகப் பட்டது. நுரையீரலும் ஒரு தசை போலப் பழக்கப்பட வேண்டியது என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவோம்.

2019இல் வந்த முதல் பருவத்தின் 19ஆம் அத்தியாயத்தைத் தங்கச்சிமடத்து அண்ணன் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ருயி என்ற சிலந்திப் பேயின் நூல்களில் பட்டுத் தாஞ்சிரோவின் வாள் முறிந்துவிடுகிறது. முறிந்த வாளோடுதான் அவன் நீர்ச் சுவாசத்திலிருந்து தன் தந்தை பனியில் ஆடிய தீத்தெய்வக் கூத்தின் சுவாசத்துக்கு மாறுகிறான். நோயாளியான தந்தை விடிய விடியக் களைக்காமல் ஆடியதற்கும் சரியான மூச்சுதான் காரணம் என்று அவன் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறான். அந்த மாற்றத்துக்கு அவன் உடம்பு கொடுக்கும் விலையைக் கதை மறைக்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில் எழுந்து நிற்க முடியாமல் தரையில் தவழ்ந்துதான் தங்கையிடம் போகிறான். நீங்கள் தேடும் கனம் அங்கே இருக்கிறது, அண்ணா. அது கண்ணுக்கு அல்ல, காதுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

தென்கொரியாவின் ஜெஜு தீவைப் பற்றி இன்னொன்று. அந்தத் தீவின் பெயரைக் கேட்டதும் எனக்கு எறும்புகள் நினைவுக்கு வரவில்லை. காற்றுக்குடுவை இல்லாமல் மூழ்கிக் கடலடியில் சிப்பியும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்கள் வாழும் தீவு அது. ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி 10 மீட்டர் ஆழம் வரை போவார்கள். மேலே வந்ததும் அவர்கள் விடும் விசில் போன்ற மூச்சொலிக்குச் சும்பிசோரி என்று தனிப் பெயரே இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ அவர்களின் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. சோலோ லெவலிங் கதையில் ஜெஜு மக்கள் இல்லாமல் போன, எறும்புகள் ஆளும் வெற்று நிலம். அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு காட்சியாவது ஒதுக்கியிருந்தால், அந்தப் படையெடுப்பு ஒரு வேட்டையாக இல்லாமல் ஊரை மீட்கும் போராக எனக்குத் தெரிந்திருக்கும்.

தங்கச்சிமடத்தான்

தங்கை எழுதியதைப் படித்த அன்றிரவே 19ஆம் அத்தியாயத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன், வாள் முறிந்த பின் அவன் இழுக்கும் மூச்சு ஒழுங்கற்று இருக்கிறது. கூத்தின் சுவாசத்துக்கு மாறியதும் ஒழுங்குக்கு வருகிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த இடத்தில் ஒளியை மட்டுமே பார்த்திருக்கிறேன். முதல் பருவத்தைப் பொறுத்தவரை என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

கீழக்கரை அண்ணனுக்கு: கொண்டை ஊசியின் வடிவம் எனக்குத் தெரியும், ஆனால் அதை நீங்கள் சொன்ன வகையில் நான் யோசித்ததில்லை. அகாசாவைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. எனினும் அதே படத்தில் எல்லாச் சண்டைகளுக்கும் இது பொருந்தாது என்றே இன்னும் நினைக்கிறேன். கோட்டைக்குள் மேலும் கீழும் அறைகள் புரண்டுகொண்டே இருக்கும் காட்சிகளில், வீரர்கள் விழுகிறார்களா பறக்கிறார்களா என்பது எனக்குப் பல இடங்களில் புலப்படவில்லை. எது கீழே என்று தெரியாத இடத்தில் எடைக்குப் பொருள் ஏது?

இந்த இடத்தில் ஒரு பழைய தொடரைச் சொல்லத் தோன்றுகிறது. அட்டாக் ஆன் டைட்டன் 2013இல் வந்தபோது, வீரர்கள் இடுப்பிலிருந்து கம்பி எறிந்து கட்டடங்களுக்கிடையே பறப்பதைக் காட்டினார்கள். ஆனால் பறக்கவிடுவதற்கு முன், வாரில் தொங்கிச் சமநிலை பழகும் பயிற்சியில் நாயகன் எரென் தலைகீழாகக் கவிழ்ந்து மண்ணில் முட்டுவதைக் காட்டினார்கள். அவன் வாரின் ஒரு பாகம் பழுதாகியிருந்தது என்பது பிறகு தெரிகிறது. அந்த ஒரு பயிற்சியைப் பார்த்துவிட்டதால், பின்னர் அவர்கள் பறக்கும்போதெல்லாம் இடுப்பிலும் தொடையிலும் வார் இறுகுவதை நானே உணர்ந்தேன். பறக்கிறவனுக்கும் எடை உண்டு என்பதை முதலில் நம்ப வைத்துவிட்டார்கள்.

தொண்டித்துறை

அஸ்ஸலாமு அலைக்கும் கீழக்கரைக் காக்கா (அண்ணா), மற்ற நண்பர்களுக்கு வணக்கம். நான் நான்கு ஆண்டுகள் சென்னையில் ஓர் அசைபட நிறுவனத்தில் ஓவியராக இருந்துவிட்டு இப்போது ஊரில் இருப்பவன். படம் வரையும் மேசையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல முடியும்.

ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 24 படங்களையும் தனித்தனியாக யாரும் வரைவதில்லை. ஒரு படத்தை இரண்டு சட்டகம் நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள், மூன்று சட்டகம் நிறுத்தினால் 8 படங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வளர்ந்தது. அசைவின் முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். அவற்றுக்கு இடையில் வரும் நிலைகளை மற்றவர்கள் நிரப்புவார்கள்.

தங்கச்சிமடத்து அண்ணன் சொல்லும் கனம் எங்கே பிறக்கிறது என்றால், இந்தப் படங்கள் காலத்தில் எப்படிப் பரவுகின்றன என்பதில்தான். குத்துக்கு முன் தோள் பின்வாங்கும் நிலையைச் சற்று அதிக நேரம் நிறுத்தி, குத்து பாயும் வழியை ஒன்றிரண்டு படங்களில் முடித்து, பட்ட இடத்தில் மீண்டும் நிறுத்தினால் பார்ப்பவர் விலாவில் அடி விழும். எல்லாப் படங்களையும் சம இடைவெளியில் பரப்பினால் கை தண்ணீருக்குள் மிதப்பதுபோல இருக்கும். படங்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் கனம் கூடாது. குறைந்த படங்களிலேயே மலையைப் புரட்டிய ஓவியர்கள் உண்டு.

ஒளியும் புகையும் தீப்பொறியும் பெரும்பாலும் அதற்குப் பிறகு கணினியில் சேர்க்கப்படுபவை. யுஃபோடேபிளின் வலிமை, இந்தப் பிரிவையும் தங்கள் கூரைக்குள்ளேயே வைத்திருப்பதில் இருக்கிறது. வரைபவரும் ஒளி சேர்ப்பவரும் ஒரே இடத்தில் இருந்து பேசிக்கொள்ள முடிந்தால், நீரின் வளைவு வாளின் வளைவைத் தொடரும். பேச நேரமில்லாத இடங்களில் ஒளி, ஓவியத்தின் குறையை மூடும் போர்வையாகிவிடுகிறது.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது. நீங்கள் புகழ்ந்த அந்த ஷிபுயா அத்தியாயங்கள் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 2023 நவம்பரில், அவற்றில் பணியாற்றிய ஓவியர்கள் சிலர், தங்களுக்குத் தரப்பட்ட கால அவகாசத்தில் நினைத்தபடி முடிக்க முடியவில்லை என்ற வேதனையைப் பொதுவெளியில் எழுதினார்கள். நாம் கொண்டாடிய சண்டையைத் தங்கள் குறைவேலை என்று அவர்கள் கருதினார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் தொடர்ந்து பதினொரு இரவுகள் மேசையிலேயே தூங்கி எழுந்திருக்கிறேன். கடைசி இரவுகளில் வரைந்த படங்களில் கோடுகளின் நடுக்கம் எனக்கே தெரியும். சின்னப்பாலத்துத் தங்கை எழுதிய பிற்பகல் மூச்சைப் படித்தபோது எனக்கு அந்தக் கோடுகள்தான் நினைவுக்கு வந்தன. எங்களுக்குப் படகைத் திருப்பச் சொல்ல ஒரு பெரியம்மா இல்லை.

ஒன் பன்ச் மேன் தொடரின் கதை எல்லோருக்கும் தெரியும். 2015இல் மேட்ஹவுஸ் எடுத்த முதல் பருவத்தில், பல இடங்களிலிருந்தும் தேர்ந்த ஓவியர்கள் வந்து உழைத்தார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய மூன்றாம் பருவம் வேறு நிறுவனத்தின் கையில், அசையாத படங்களாகவே நகர்கிறது என்று உலகெங்கும் வசை வாங்கியது. பருவத்தை விமரிசிப்பதில் தவறில்லை. ஆனால் ஓவியர்களையும் இயக்குநரையும் பெயர் சொல்லித் திட்டுகிறவர்கள், ஒரு படத்துக்கு அவர்களுக்கு எத்தனை நாள் கிடைத்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கீழக்கரை வாசகன்

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. இதுவரை தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இடைப்பட்ட படங்களை நிரப்புகிறவர்களின் பெயர்களும் கடைசியில் ஓடுகின்றன அல்லவா? இனி அதை நகர்த்திவிடாமல் பார்க்கச் சொல்லி என் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

சாயல்குடிச் சுவடு

தொண்டி நண்பர் சொன்ன நிறுத்தமும் பாய்ச்சலும் சிலம்பத்திலும் அப்படியே இருக்கிறது. நின்று வாங்கி அடிப்பது என்போம். அந்த நிற்றல் இல்லாதவன் கம்பைச் சுற்றுகிறான், வீசவில்லை.

இன்னொரு தொடரை முன்வைக்கிறேன். ஃபிரீரென் முழு அதிரடித் தொடர் அன்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய அதன் முதல் பருவத்தின் 28 அத்தியாயங்களில் சண்டைகள் குறைவு. ஆனால் டிராகனோடு மோத வேண்டிய முந்தின நாளில் ஸ்டார்க் என்ற இளம் கோடரி வீரனின் கை நடுங்குகிறது. அவன் கோழை என்றே நாமும் நினைக்கிறோம். ஊருக்கு வெளியே இருக்கும் மலைப்பாறையில் நீண்ட பிளவு ஒன்று தெரிகிறது. அது நாள்தோறும் அவன் கோடரியால் வெட்டிப் பயிற்சி எடுத்ததால் விழுந்தது. அந்தப் பாறையைப் பார்த்த பிறகு அவன் டிராகனை வீழ்த்துவது எனக்குக் கொஞ்சமும் வியப்பாக இல்லை. எடை முழுவதும் பாறையிலேயே காட்டப்பட்டுவிட்டது. அவனுடைய ஆசான் ஐசனும் அச்சத்தால் நடுங்கியவர்தான் என்று நாயகி ஃபிரீரென் சொல்லும் இடத்தை, போட்டிக்கு முன் நடுங்கும் என் மாணவர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிமடத்தான்

சாயல்குடித் தம்பி சொன்ன பாறை எனக்கு வழி திறந்துவிட்டது. நான் தேடிய கனம் சண்டைக்கு வெளியேதான் அதிகம் இருந்திருக்கிறது. இதற்கு மிகப் பெரிய சான்று என்று நான் நினைப்பது வின்லாந்து சாகாவின் இரண்டாம் பருவம்.

2019இல் விட் ஸ்டூடியோ எடுத்த முதல் பருவம், பழிவாங்கத் துடிக்கும் தோர்ஃபின்னின் கத்திச் சண்டைகளால் நிறைந்தது. 2023இல் மாப்பா எடுத்த இரண்டாம் பருவத்தில் அவன் டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமை. எய்னார் என்ற இன்னோர் அடிமையோடு சேர்ந்து காட்டை வெட்டி வயலாக்க வேண்டும். அதிரடி எங்கே என்று கேட்டுப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் முதல் முறை நான்காம் அத்தியாயத்தோடு நிறுத்தியவன்தான். தடைக்காலத்தில் மீண்டும் தொடங்கினேன். மரத்தை வெட்டிய பிறகு தரைக்குள் கிடக்கும் வேரைக் கிளப்ப இருவரும் படும் பாட்டைப் பார்த்தபோது, அன்று பகலில் கம்பிப்பாட்டில் பிடித்த கயிறு என் இடுப்பில் இன்னும் இருந்தது. அந்த வேர்தான் அந்தப் பருவத்தின் மிகக் கடினமான எதிரி. வெட்டிச் சாய்ப்பது எளிது, அடியில் கிடப்பதைக் கிளப்புவதுதான் பெரும்பாடு என்பதைத் தோர்ஃபின்னின் பழைய வாழ்க்கைக்கும் சேர்த்தே கதை சொல்கிறது.

பருவத்தின் இறுதிப் பகுதியில் அவன் அரசனைச் சந்திக்க வேண்டும் என்று கேட்கிறான். நூறு குத்துகளைத் தாங்கி நின்றால் பார்க்கலாம் என்கிறான் ஒரு வீரன். தோர்ஃபின் ஒப்புக்கொள்கிறான். திருப்பி ஒரு குத்துக்கூட விடுவதில்லை. முகம் வீங்கி, கண் மூடி, மீண்டும் மீண்டும் எழுந்து நிற்கிறான். ஏன் திருப்பி அடிக்கவில்லை என்ற கேள்விக்குத் தனக்கு எதிரிகள் யாரும் இல்லை என்று பதில் சொல்கிறான். ஒளி இல்லை, தீ இல்லை, வானம் பிளக்கவில்லை. குத்துகிறவனின் மூச்சு வாங்குவதையும் தங்கை சொன்னதுபோலக் காது கொடுத்துக் கேட்டேன். குத்து வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவன்தான் முதலில் தளர்கிறான்.

ஒரு சண்டையில் கை ஓங்காதவனிடம் இவ்வளவு கனத்தைக் காட்ட முடியுமென்றால், கை ஓங்குகிறவர்களிடமும் அதை எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன். சோலோ லெவலிங்கின் அடுத்த பருவம் வந்தால் அதையும் இதே கண்ணோடும் காதோடும் பார்ப்பேன்.

சின்னப்பாலத்து மகள்

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, நேற்றிரவு அந்த வேர் கிளப்பும் அத்தியாயத்தை வீட்டில் போட்டேன். அம்மா சாப்பிட்டு முடித்து, பாசி கீறிய விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நான் பார்க்கும் தொடர்களில் வாள் வெளியே வந்ததும் எழுந்து போய்விடுவார். நேற்று எழவில்லை. எய்னாரும் தோர்ஃபின்னும் வெறுங்கையோடு மண்ணைத் தோண்டி வேரைப் பிடிக்கும் இடத்தில் சற்று முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ளைகளுக்குக் கையில துணி சுத்திக்கிறதுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டார்.

அடிமைகள் அம்மா, யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்றேன். அத்தியாயம் முடியும்வரை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைக்கப் போகும்போது, அந்தக் காடு முழுவதும் வயலாகிவிடுமா என்று மட்டும் கேட்டார். இன்றிரவு அடுத்ததைப் பார்க்கப் போகிறோம்.